புழு என்று எழுதிய ரிப்போர்ட்: வாசெக்டமிக்குப் பிந்தைய ஒரு விரைப்பை ஸ்கேன்

நோயாளி காவிரி டெல்டாவைச் சேர்ந்த 52 வயது விவசாயி. மூன்று மாதமாக வலது விரையில் மந்தமான வலி. நெடுநேரம் நின்றாலும், டிராக்டர் ஓட்டினாலும், உடலுறவுக்குப் பிறகும் வலி கூடும், படுத்தால் குறையும். வலது விரைக்குச் சற்று மேலே பட்டாணி அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. காய்ச்சல் இல்லை, சிறுநீரில் எரிச்சல் இல்லை, எடை குறையவில்லை, கால் வீக்கமும் இல்லை.

வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். வலது எபிடிடிமிஸுக்குள் (விரையின் பின்புறம் சுருண்டிருக்கும் விந்தணுக் குழாய்) நெளியும் அசைவு தெரிகிறது, யானைக்கால் நோய்ப் புழுக்கள் உயிரோடு இருக்கின்றன என்பது அதன் முடிவு. அதை நம்பி, அந்தப் புழுவுக்கான டிஇசி மாத்திரையை 12 நாள் கணக்கில் இரண்டு முறை சாப்பிட்டு முடித்திருந்தார். வலியில் ஒரு மாற்றமும் இல்லை. இரவில் எடுத்த ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா என்ற குஞ்சுப்புழுக்கள் இல்லை. புழுவின் ஆன்டிஜனைக் கண்டுபிடிக்கும் ஸ்டிரிப் சோதனையும் நெகட்டிவ். அப்படியிருந்தும், புழு செத்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் மறு ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளியின் அடையாளம் தெரியாமலிருக்க இந்தக் கட்டுரையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஸ்கேனில் கண்டவற்றை மாற்றவில்லை.

ஸ்கேன் படிவத்தில் "முன்பு செய்த ஆபரேஷன்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது.

ஸ்கேனில் கண்டவை

விரைப்பையை ஸ்கேன் செய்ய அதிக அலைவரிசை கொண்ட நேர்கோட்டு புரோப் வேண்டும். நான் பயன்படுத்தியது 12 மெகாஹெர்ட்ஸ். ஒரு துண்டை மடித்துக் கீழே வைத்துப் பையை மேலே தாங்கவிட்டு, ஜெல்லைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக் கொண்டால் தசை சுருங்காது, நோயாளியும் தளர்வாக இருப்பார். வலிக்காத பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் இந்த நோயாளியின் கதையே அங்கேதான் திரும்பியது.

இடது விரை இயல்பாக இருந்தது. ஆனால் அதன் பின்பக்கமாக இறங்கும் எபிடிடிமிஸ் இயல்பாக இல்லை. அதன் நடுப்பகுதி சாதாரணமாக 2 முதல் 4 மி.மீ. தடிமன்தான் இருக்கும். இவருக்கு 6 மி.மீ. இருந்தது. உள்ளே ஒரே சீரான சாம்பல் நிறத்துக்குப் பதிலாக, மிக நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் நெருக்கமாகப் பரவியிருந்தன. விரிந்த குழாயின் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலியைத் திருப்பி அனுப்பினால் இப்படித்தான் தெரியும். வலிக்காத பக்கத்திலேயே இந்த மாற்றம் இருந்ததால், மூன்று மாத வலியை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

வலது பக்கத்தில் இதே மாற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது. எபிடிடிமிஸின் நடுப்பகுதி 7 மி.மீ., வால்பகுதி 9 மி.மீ. வால்பகுதியில் விரிந்த குழாய்கள் கறுப்பு வளையங்களாகத் தனித்தனியாகவே தெரிந்தன. அவற்றுக்குள் வெள்ளைத் துகள்கள் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தன. முந்தைய ரிப்போர்ட் சொன்ன அசைவு இதுதான். அது கற்பனையில்லை, திரையில் எவரும் பார்க்கலாம். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரில் எபிடிடிமிஸின் ஓட்டம் இரண்டு பக்கமும் சமமாகவும் குறைவாகவும் இருந்தது. கிருமித் தொற்றால் வந்த வீக்கமாக இருந்தால் அந்தப் பகுதி நிறத்தால் நிரம்பியிருக்கும்.

வால்பகுதியிலிருந்து கிளம்பும் விந்துக்குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். சாதாரணமாக இந்தக் குழாயின் உள்துளை மிகக் குறுகியது. தடித்த தசைச்சுவர்தான் கண்ணுக்குத் தெரியும். இங்கே துளை ஒன்றரை மி.மீ. விரிந்திருந்தது. அப்படியே மேலே வந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. நின்ற இடத்தில் 8 மி.மீ. அளவில் உருண்டையான, கருமை படிந்த, விளிம்பு தெளிவான திடக் கட்டி. புரோப்பை அதன்மேல் லேசாக அழுத்தியதும் "அங்கதான் சார், அதேதான்" என்றார். கட்டிக்கு அப்பால் விந்துக்குழாய் மறுபடி மெல்லியதாக, இயல்பாகத் தொடர்ந்தது. இடது பக்கமும் குழாய் அதே உயரத்தில் முடிந்தது, கட்டி மட்டும் இல்லை.

இரண்டு பக்கமும், ஒரே உயரத்தில், ஒரே மாதிரி முடியும் குழாய். நோய் இப்படி அளவெடுத்து வெட்டாது.

கூட வந்திருந்த தம்பியைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். கதவு மூடிய பிறகு கேட்டேன்: "அண்ணே, எப்பவாவது கு.க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் சொன்னார்: "ஆமா சார், பத்தொம்பது வருஷம் ஆச்சு. வீட்டுல அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. இரண்டாவது பிரசவமே உயிருக்கு ஆபத்தாகிவிட்டது. அவருக்கு மயக்க மருந்து கொடுத்து இன்னோர் அறுவை செய்ய வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னதால், கணவர் தானே ஒரு முகாமுக்குப் போய்த் தழும்பில்லா முறையில் செய்துகொண்டிருக்கிறார். மனைவிக்குத்தான் ஆபரேஷன் நடந்தது என்று அம்மாவும் உறவுக்காரர்களும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய ஸ்கேனின்போதும் தம்பி பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவர் முன்னால் எப்படிச் சொல்ல முடியும்?

வெட்டிய பிறகு உள்ளே நடப்பது

வாசெக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவையில் விந்துக்குழாயை மட்டும்தான் வெட்டிக் கட்டுகிறார்கள். விரைக்கு அது தெரியாது. அது எப்போதும்போல விந்தணுக்களை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கும். ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தின் வழியாகப் போகிறது, எனவே அதற்கும் இந்த வெட்டுக்கும் சம்பந்தமில்லை. விந்துத் திரவத்தின் பெரும்பகுதி இடுப்புக்குள் இருக்கும் செமினல் வெசிக்கிள், புரோஸ்டேட் ஆகிய சுரப்பிகளிலிருந்து வருவதால் வெளியேறும் அளவிலும் குறை தெரியாது. விந்தணுக்களின் பங்கு அதில் 5 சதவீதத்துக்குள்தான்.

வழி அடைபட்ட விந்தணுக்கள் எபிடிடிமிஸில்தான் தேங்கும். அது நீட்டிப் பார்த்தால் சுமார் 6 மீட்டர் வரும் ஒற்றைக் குழாய். விரையின் பின்புறம் சில சென்டிமீட்டருக்குள் சுருண்டு அடங்கியிருக்கிறது. பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல விரிகிறது. தேங்கிய விந்தணுக்களை உடலின் துப்புரவுச் செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன. பெரும்பாலான ஆண்களுக்கு இந்த உற்பத்தியும் துப்புரவும் ஒரு சமநிலைக்கு வந்துவிடும், வலி எதுவும் இருக்காது. அதனால், வாசெக்டமி செய்துகொண்ட ஒருவரின் எபிடிடிமிஸ் இரு பக்கமும் தடித்து, புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அவருக்கு இயல்பு. அதைப் பார்த்து "எபிடிடிமிஸ் அழற்சி" என்று எழுதி ஆன்டிபயாட்டிக் கொடுக்க வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

விரிவு சிலருக்கு இன்னும் பின்னுக்குப் போய், விரைக்குள் இருக்கும் ரீட்டி டெஸ்டிஸ் என்ற வலைக்குழாய்களையும் எட்டும். விரையின் ஓரத்தில் நுண்ணிய நீர்க்குழாய்கள் கொத்தாகத் தெரியும். இதைப் புற்றுநோய் என்று தவறாக எண்ணி விரையை எடுத்துவிடும் ஆபத்து உண்டு. ரத்த ஓட்டம் இல்லாதிருத்தல், பெரும்பாலும் இரு பக்கமும் இருத்தல், நடுவிலுள்ள நார்ப்பகுதியை ஒட்டியே இருத்தல் ஆகியவை அதைப் பிரித்துக் காட்டும். நம் நோயாளிக்கு வலது பக்கத்தில் லேசாக இது இருந்தது.

குழாயின் வெட்டுமுனையிலோ, அழுத்தம் தாங்காமல் எபிடிடிமிஸ் பிளக்கும் இடத்திலோ விந்தணுக்கள் திசுவுக்குள் கசிந்தால் உடல் அவற்றை அந்நியப் பொருளாக நினைத்துச் சூழ்ந்துகொள்ளும். அப்படி உருவாகும் கட்டிதான் ஸ்பெர்ம் கிரானுலோமா. வாசெக்டமிக்குப் பிறகு இது அபூர்வமானது ஒன்றுமில்லை. பலருக்கு இருப்பதே தெரியாது. சிலருக்கு மட்டும், சில நேரம் பல ஆண்டுகள் கழித்து, வலிக்கும்.

இடுப்புப் பகுதியையும் பார்த்தேன். செமினல் வெசிக்கிள் விரிவில்லாமல் இயல்பாக இருந்தது. அடைப்பு அதற்குக் கீழே, விரைப்பையிலேயே இருப்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். புரோஸ்டேட்டை ஒட்டிய இடத்தில் அடைப்பு இருந்திருந்தால் அவையும் வீங்கியிருக்கும்.

அசைவது புழுவா, விந்தணுத் துகளா?

விரைப்பை ஸ்கேனில் யானைக்கால் புழுக்கள் நெளிவதை 1994இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஆராய்ந்த மருத்துவர்கள் விவரித்தார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. ரத்தத்தில் குஞ்சுப்புழுக்கள் தெரியாதவரிடமும் முதிர்ந்த புழுவை நேராகப் பார்க்க முடிந்தது. அதற்கு ஃபைலேரியா நடனம் என்று பெயர் நிலைத்துவிட்டது. யானைக்கால் நோய் பரவலாக இருந்த கும்பகோணம், காஞ்சிபுரம் போன்ற பகுதிகளில் ஸ்கேன் பார்ப்பவர்கள் அந்த அசைவைக் கண்டதும் புழுவை நினைப்பது இயல்புதான்.

ஆனால் அதே மாதிரி அசைவு, யானைக்கால் நோயே இல்லாத நாடுகளில் வாசெக்டமி செய்துகொண்ட ஆண்களிடமும் பதிவாகியிருக்கிறது. விரிந்த குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிய விந்தணுக் கொத்துகளும் செல் கழிவுகளும் அலைவதுதான் அது. ஸ்கேன் அலையின் அழுத்தமே அவற்றைத் தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். உடல் திசுவில் ஒலி விநாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. 12 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.13 மி.மீ. விந்தணுவின் தலை 0.005 மி.மீ. மட்டுமே. எனவே தனி விந்தணு எதையும் ஸ்கேன் காட்ட முடியாது, தெரிபவை கொத்துகள்தான். யானைக்கால் புழுவில் பெண்புழு 8 முதல் 10 செ.மீ. நீளமும் கால் மி.மீ. அளவு தடிமனும் கொண்டது. ஆகவே புழு தெரிந்தால் அது நூல்போல நீண்டு, தானாகத் துடித்துச் சுருண்டு விரியும் ஒன்றாகத் தெரிய வேண்டும். நம் நோயாளியிடம் தெரிந்தவை உருவமில்லாத புள்ளிகள். அவை எந்தத் துடிப்பும் இல்லாமல், திரவம் போன போக்கில் போய்வந்தன.

அசைவு எதற்குள் நடக்கிறது என்பது இதைவிட முக்கியம். புழு வாழ்வது நிணநீர்க் குழாயில். அது விரிந்து, பெரும்பாலும் விந்துக்குழாயைச் சுற்றியுள்ள கொடியில், எபிடிடிமிஸுக்கு வெளியே தெரியும். இவருக்கு அசைவு எபிடிடிமிஸின் சொந்தக் குழாய்களுக்குள் இருந்தது. வெளியே நிணநீர்க் குழாய் எதுவும் விரிந்திருக்கவில்லை.

டிஇசி இரண்டு சுற்று சாப்பிட்டும் அசைவு நிற்காததை, மருந்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்து முதிர்ந்த புழுக்கள் எல்லாவற்றையும் கொல்வதில்லை என்பது உண்மைதான், அதனால் அந்த வாதம் கேட்க நியாயமாகவே இருந்தது. உதைத்தது ஆன்டிஜன் சோதனை. உயிருள்ள முதிர்ந்த புழுக்கள் வெளிவிடும் பொருளைத்தான் அது தேடுகிறது. திரையில் நெளியும் அளவுக்குப் புழு இருப்பவருக்கு அது நெகட்டிவாக வந்தால், அந்த இடத்திலேயே ஸ்கேன் முடிவைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

2004 முதல் நாட்டின் நோய்ப் பகுதிகளில் ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் நோய்ப் பரவல் பெரிதும் குறைந்துவிட்டது. புழு குறையக் குறைய, திரையில் தெரியும் அசைவு புழுவாக இருப்பதற்கான வாய்ப்பும் குறைகிறது. இருபது வருடத்துக்கு முன் சரியாக இருந்திருக்கக்கூடிய ஊகம் இன்று அவ்வளவு சுலபமாகச் சரியாகாது.

கட்டியைப் பற்றி

விரைக்கு உள்ளே திடக் கட்டி இருந்தால், வேறு என்று நிரூபிக்கும்வரை புற்றுநோயாகத்தான் நினைக்க வேண்டும். விரைக்கு வெளியே என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. எனவே ஸ்கேன் செய்பவர் முதலில் சொல்ல வேண்டியது உள்ளா வெளியா என்பதைத்தான். புரோப்பால் மெல்ல அழுத்தி, விரலால் விரையைத் தள்ளிப் பார்த்தபோது கட்டி தனியாக நகர்ந்தது. வெளியேதான்.

நம் ஊரில் விரைக்கு வெளியே கட்டி என்றால் காசநோயை மறக்கக் கூடாது. அதுவும் எபிடிடிமிஸின் வால்பகுதியில்தான் விரும்பித் தொடங்கும். கரடுமுரடாக, ஒழுங்கற்றுப் பெருகும். விந்துக்குழாய் மணிமாலைபோல முடிச்சு முடிச்சாகும். தோலில் புண் திறந்து சீழ் வடியலாம். அதனால் சிறுநீரகங்களையும் சிறுநீர்ப்பையையும் பார்த்தேன், இயல்பாக இருந்தன. சிறுநீர்ப் பரிசோதனையிலும் சீழ்செல்கள் இல்லை. கட்டி சரியாக வெட்டுமுனையில் இருந்ததும், மீதிக் குழாய் வழவழப்பாக இருந்ததும் கிரானுலோமா என்ற முடிவுக்குப் போதுமானவை. ஊசி குத்தித் திசு எடுக்கத் தேவையில்லை என்று பரிந்துரைத்தேன்.

ரிப்போர்ட்டில் எழுதுவதா?

"ஆபரேஷன் விஷயத்தை எழுதிடாதீங்க சார், தம்பி வாங்கிப் படிப்பான்" என்றார். அவருடைய கவலை நியாயமானது. எழுதாவிட்டால் அடுத்துப் பார்ப்பவர் மறுபடி புழுவைத் தேடுவார் என்பதும் நிஜம். அவருக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். அப்புறம் அவரே ஒப்புக்கொண்டார். ரிப்போர்ட்டை உறையில் ஒட்டி அவர் கையில் மட்டும் கொடுத்தோம். அனுப்பிய டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன்.

ஆண்கள் ஏன் இதை மறைக்கிறார்கள் என்று கோபப்படுவதில் பயனில்லை. எமர்ஜென்சியின்போது, 1976-77இல், இந்தியாவில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு வாசெக்டமி நடந்தது. அதில் கட்டாயமும் மிரட்டலும் எவ்வளவு கலந்திருந்தன என்பது நாடறிந்தது. அந்தக் கசப்பு ஒருபுறம், ஆண்மை போய்விடும் என்ற பயம் மறுபுறம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் வெறும் 0.3 சதவீதம். இவ்வளவு அரிதான ஒன்றை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், டாக்டருக்கும் கேட்கத் தோன்றாது. மனைவியின் உயிருக்காகத் தன் உடலை முன்வைத்த ஒரு மனிதர், அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இல்லாத புழுவுக்கு மருந்து சாப்பிட வேண்டியிருந்தது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

"ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?" என்ற பொதுக் கேள்வி இங்கே போதாது. பலர் வாசெக்டமியை ஆபரேஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தழும்பில்லா முறையில் தோலில் ஒரு சிறு துளைதான் போடுவார்கள், தையல்கூட கிடையாது. சில வருடங்களில் அடையாளமே தெரியாமல் போகும். எனவே தனியாக வைத்து, பெயர் சொல்லியே கேட்க வேண்டும். எமர்ஜென்சி காலத்தில் செய்துகொண்டவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேனுக்கு வருகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிகிச்சையும் தொடர் பரிசோதனையும்

டிஇசி நிறுத்தப்பட்டது. சிறுநீரக அறுவை மருத்துவர் அவரைப் பரிசோதித்து, விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையும், சில வாரங்களுக்கு அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையும் கொடுத்தார். முகாமில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய விந்துப் பரிசோதனையை இவர் செய்துகொள்ளவே இல்லை. இத்தனை ஆண்டுகளில் பிரச்சினை வரவில்லை என்றாலும் இப்போது செய்து பார்த்ததில் விந்தணு ஒன்றுகூட இல்லை. குழாய் மறுபடி இணைந்துவிடவில்லை என்பது உறுதியானது.

வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு நீடித்த வலி வாசெக்டமி செய்துகொண்டவர்களில் 1 முதல் 2 சதவீதம் பேருக்கு வருகிறது. அவர்களுக்கு மாத்திரை கேட்காவிட்டால் விந்துக்குழாயைச் சுற்றியுள்ள கொடியில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கலாம். கிரானுலோமாவை வெட்டி எடுக்கலாம். மிகச் சிலருக்குக் குழாயை மறுபடி இணைப்பதோ, கொடியின் நரம்புகளைத் துண்டிப்பதோ தேவைப்படும். இவருக்கு அந்த எல்லைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. புழு இல்லை, கால் வீங்காது என்று தெரிந்ததே பாதி வலியைக் குறைத்துவிட்டது என்று பிறகு வந்தபோது சொன்னார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி 7 மி.மீ. இருந்தது. எபிடிடிமிஸின் தடிமனும் துகள்களின் அசைவும் அப்படியே இருந்தன. அவை போகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. வேலை அதிகமான நாளில் மட்டும் வலி எட்டிப் பார்க்கிறது. கட்டி பெரிதானாலோ, தோல் சிவந்து புண்ணானாலோ, விரையே கெட்டியானாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறோம். இல்லையென்றால் ஸ்கேன் தேவையில்லை.